எலும்புப்புரையால் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தே என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது, நடக்கப் பயப்படுகிறார், சும்மாவே உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். அவருக்கு நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தினார்கள். வலி சட்டென்று குறைந்ததும் முதுகு முழுக்கச் சரியாகிவிட்டதாக நம்பிவிட்டார். கெட்டியானது அந்த ஓர் எலும்புதான். அதற்கு மேலும் கீழும் இருப்பவை எலும்புப்புரையால் வலுவிழந்த அதே பழைய எலும்புகள்.

முதல் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பயிற்சி எதையும் தொடங்கவில்லை, உட்காரத்தான் சொல்லிக்கொடுத்தார். சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள, அமுங்காத நாற்காலி. பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கண்ணாடி மடியிலிருந்து நழுவி விழுந்தது. அம்மா குனியப் போனார். பிசியோதெரபிஸ்ட் சட்டென்று தோளைப் பிடித்து, "அம்மா, இதுதான் கூடாது. முதுகு அப்படியே இருக்கட்டும், கையும் காலும் வேலை செய்யட்டும்" என்றார். அன்றிலிருந்து கண்ணாடிக்குக் கயிறு கட்டிவிட்டோம்.

குனிவதற்கு ஏன் இவ்வளவு பயம்? குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்கத்தில்தான் பாரம் இறங்குகிறது, நொறுங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். எலும்புப்புரை உள்ள 59 பெண்களை வைத்து 1984-ல் வெளியான ஓர் ஆய்வில், குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு அமுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அது போதும். ஆகவே, உட்கார்ந்தபடி கால் விரலைத் தொடுவது, இடுப்பைத் திருப்புவது என்று வீடியோக்களில் வருவது எதுவும் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மா செய்தவை மிக எளியவை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. ஒரு காலை முட்டி நீளும்வரை மெதுவாக நீட்டி, மூன்று எண்ணி இறக்குவது. எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்று சேர்ப்பதுபோல் இழுத்து, ஐந்து எண்ணி விடுவது. கூன் விழாமல் தாங்கும் தசைகள் அங்கேதான் இருக்கின்றன. முதல் வாரம் ஐந்து தடவைக்கே களைத்துப்போனார். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், மூச்சை அடக்க மாட்டார்.

பிறகு எழுந்து உட்காரும் பயிற்சி. நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் முன்னால் சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். பக்கத்தில் நீங்கள் இருங்கள், தலை சுற்றலாம்.

எப்போது தொடங்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். உலோகத் திருகு வைத்திருந்தால் கட்டுப்பாடுகள் வேறு. எலும்புக்கான மருந்தையும் ஊசியையும் வலி போய்விட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதுகில் புதிதாகச் சுரீரென்று வலி, காய்ச்சல், தையலில் கசிவு, கால் மரத்துப்போதல் அல்லது பலவீனம், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தன்னையறியாமல் போவது, இதில் எது வந்தாலும் அன்று பயிற்சி வேண்டாம், நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.