மேடை நிர்வாகம் படிக்க வெளிநாடு போகலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன். மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு மைக் செட், சீரியல் லைட் தொழில். திருவிழா சீசனில் நானும் கூடப் போவேன். கல்லூரி நாடகங்களுக்கு லைட் போடுவதும், பின்னால் நின்று எல்லோரையும் மேய்ப்பதும் நான்தான். மேடை நிர்வாகமும் தியேட்டர் தொழில்நுட்பமும் வெளிநாட்டில் படிக்க ஆசை. எந்த நாடு நல்லது? கடன் வாங்கிப் போகலாமா?

பதில்: நாடு எது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். நீங்கள் சேர்த்துச் சொன்னது இரண்டு தனித்தனித் தொழில். உங்களுக்கு எது என்று தெரிந்தால்தான் கல்லூரி தேட முடியும்.

மேடை நிர்வாகம் என்பது நேரத்தையும் ஆட்களையும் கையில் வைத்திருக்கும் வேலை. பிரிட்டிஷ் தியேட்டர்களில் நாடகம் தொடங்க 35 நிமிடம் இருக்கும்போது ‘ஹாஃப்’ அறிவிப்பார்கள். அதற்குள் நடிகர்கள் எல்லோரும் வந்துசேர்ந்திருக்க வேண்டும். 5 நிமிடம் இருக்கையில் ‘பிகினர்ஸ்’. முதல் காட்சிக்காரர்கள் மேடை ஓரத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் காட்சி முழுக்க டெபுடி ஸ்டேஜ் மேனேஜர் கையில். அவர் முன்னால் பிராம்ப்ட் புக் இருக்கும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் எந்தச் சொல்லில் எந்த லைட், எந்தச் சத்தம், எந்தத் திரை என்ற குறிப்பு. ஹெட்செட்டில் அவர் ‘ஸ்டாண்ட்பை’ என்றால் தயாராக வேண்டும், ‘கோ’ என்றால் செய்ய வேண்டும். ஹெட்செட் போட முடியாதவர்களுக்கு விளக்கு: சிவப்பு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் செய். ‘கோ’ என்ற சொல்லைப் பேச்சுவாக்கில்கூட ஹெட்செட்டில் சொல்ல மாட்டார்கள். யாராவது பட்டனை அழுத்திவிடுவார்கள்.

தொழில்நுட்பப் பக்கம் லைட், சவுண்ட், செட் கட்டுவது, ரிக்கிங் (மேடைக்கு மேல் எடையைத் தொங்கவிடும் வேலை) என்று பிரிந்துகிடக்கிறது. இயற்பியல் படித்த நீங்கள் ரிக்கிங்கைக் கட்டாயம் யோசித்துப் பாருங்கள். இங்கே சவுக்குக் கட்டையில் கயிறு கட்டி பார் லைட்டைத் தொங்கவிடுகிறோம். கட்டுகிறவரின் கைப்பழக்கம்தான் கணக்கு. பிரிட்டனில் பாரம் தூக்கும் கருவிகளுக்கென்றே 1998 முதல் தனி விதிகள் இருக்கின்றன. எவ்வளவு எடை தாங்கும் என்று கருவியிலேயே குறித்திருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து எழுதி வைக்க வேண்டும். லைட் போர்டை யூடியூப் பார்த்துக்கூடப் பழகிவிடலாம். ஆள் தலைக்கு மேல் தொங்கும் எடைக்குப் பொறுப்பேற்க, தெரிந்தவர் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொள்ள முடியும். வெளிநாட்டுப் படிப்பில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இந்தப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் நேர்காணல் வைத்து, நீங்கள் செய்த வேலையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். என்ன கொண்டுபோவது? கல்லூரி நாடகப் போட்டோக்கள் மட்டும் போதாது. மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு சொத்து இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ பங்குனி தொடங்கி ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். இருந்தும் விடிய விடிய அறுபடாமல் போகிறது. அனுமதி கேட்டுக்கொண்டு ஆர்மோனியக்காரர் பக்கத்தில் ஓர் இரவு உட்காருங்கள். யார் எத்தனை மணிக்கு மேடையேறினார், எந்தப் பாட்டின் எந்த அடியில் படுதா மாறியது, யார் யாருக்குச் சைகை காட்டினார் என்று முழுவதையும் பிராம்ப்ட் புக் வடிவில் எழுதுங்கள். ஒத்திகையே இல்லாத நாடகத்துக்குக் கியூ (எந்த இடத்தில் எதைச் செய்வது என்ற குறிப்பு) எழுதிக் கொண்டுவந்த பெண்ணிடம் அவர்களுக்குக் கேட்க நிறைய இருக்கும். எந்தத் தொழில் உங்களுக்கு என்பதும் அந்த ஓர் இரவில் ஓரளவு தெரிந்துவிடும். கண் ஆட்களின் மேல் போகிறதா, படுதாக் கயிற்றின் மேல் போகிறதா என்று கவனியுங்கள்.

இனி நாடும் பணமும். லண்டனில் ராடா, கில்ட்ஹால், கார்டிஃபில் ராயல் வெல்ஷ் கல்லூரி, சிட்னியில் நைடா, ஹாங்காங்கில் அகாடமி ஃபார் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் ஆகியவை இதற்குப் பேர்போன கல்லூரிகள். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் பொதுவாக வருடத்துக்கு 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. 3 வருடப் பட்டத்துக்குக் கட்டணம் மட்டுமே 70 லட்சம் ரூபாய்க்கு மேல். படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு வேலை விசாவுக்குப் பொதுவாக வருடச் சம்பளம் 41,700 பவுண்டாவது வேண்டும். புதிதாக வரும் ஸ்டேஜ் மேனேஜருக்கு அந்தச் சம்பளம் கிடைப்பது அரிது. அதோடு இந்தத் தொழிலில் பலர் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுகிறவர்கள். அங்கேயே சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கில் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதில் நான் கறாராகவே இருப்பேன்.

கட்டணமே இல்லாத வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளி, டேவிட் கெஃபன் கொடுத்த 15 கோடி டாலர் நன்கொடையால் 2021 முதல் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அப்படித்தான். மேடை நிர்வாகம், தொழில்நுட்ப வடிவமைப்பு இரண்டுக்கும் 3 வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. உங்கள் பி.எஸ்சி. அதற்குச் செல்லுமா என்று பள்ளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனியாக வழி பார்க்க வேண்டும், மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். அதனால் கல்லூரி முடித்த கையோடு விண்ணப்பிப்பதைவிட, இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. பிரிட்டனின் செவெனிங் உதவித்தொகையும் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்குத்தான், அதற்கும் 2 வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள்.

அந்த இரண்டு வருடத்துக்குச் சென்னை, மும்பை பக்கம் போகலாம். மும்பையில் 2023-இல் திறந்த நீதா முகேஷ் அம்பானி கலை மையத்தின் பெரிய அரங்கில் 2,000 இருக்கைகள். பெரிய இசை நாடகங்கள் வரும்போது மேடைக்குப் பின்னால் ஒரு படையே வேண்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் 3 வருடப் படிப்பையும் விட்டுவிடாதீர்கள். மேடை வடிவமைப்பும் லைட்டும் அங்கே சொல்லித் தருகிறார்கள், மாத உதவித்தொகையும் உண்டு.

அப்பாவிடம் இப்போது கேட்க வேண்டியது பணம் அல்ல. வருகிற பங்குனியில் அவர் மைக் செட் கட்டும் ஊர்களில் எங்கெல்லாம் நாடகம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.