வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானில் கொடுப்பதும் பெறுவதும்

ஜப்பானில் வேலைக்கும் படிப்புக்கும் தங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் பரிசைப் பற்றியவை. அதனால் இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: யோகோஹாமாவில் இருக்கிறோம். என் மேலாளர் ஞாயிறு மதியம் 2 மணிக்குக் குடும்பத்தோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன வாங்கிப் போவது? எப்படிக் கொடுப்பது?

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகும் பொருளுக்குத் ‘தெமியாகே’ என்று பெயர். 3,000 யென் அளவில் ஒரு இனிப்புப் பெட்டி போதும். 5,000 யென்னைத் தாண்ட வேண்டாம். பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்தில் ‘தெபாச்சிகா’ எனப்படும் உணவுப் பகுதி இருக்கும். அங்கே வாங்கினால் காகிதம் சுற்றித் தருவார்கள். வெட்டிப் பரிமாற வேண்டிய கேக்கை விட, தனித்தனி உறையில் வரும், சில நாள் கெடாத பலகாரம் நல்லது. அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மட்டும் வாங்காதீர்கள். வரும் வழியில் நினைவு வந்து வாங்கியதாகத் தோன்றும்.

2 மணி என்றால் 2 மணிக்கு, அல்லது இரண்டு மூன்று நிமிடம் கழித்து மணியடியுங்கள். அலுவலகச் சந்திப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் போவது மரியாதை. வீட்டுக்கோ, சொன்ன நேரத்துக்கு முன்பே போனால் வீட்டுக்காரர் ஏற்பாட்டின் நடுவில் மாட்டிக்கொள்வார். குளிர்காலக் கோட்டை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிக் கையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு படி தாழ்ந்த தளம் இருக்கும். அதுதான் ‘கென்கான்’. வீட்டுப் பக்கம் பார்த்தபடியே காலணியைக் கழற்றி மேலே ஏறுங்கள். பிறகு சற்றுப் பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து, காலணியின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி, ஓரமாக வையுங்கள். வெளியார் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழற்றுவது. இன்னொன்று, காலுறையோடு அந்தத் தாழ்ந்த தளத்தில் மிதித்துவிட்டு அதே காலோடு மேலே ஏறுவது. அந்தத் தளம் தெருவின் தொடர்ச்சி, வீடு அல்ல. வெறுங்காலில் போவதும் அழகில்லை. செருப்பில் போகிறீர்கள் என்றால் பையில் காலுறை இருக்கட்டும். அறையில் ததாமிப் பாய் இருந்தால் ஸ்லிப்பரையும் வெளியே விட்டுவிட வேண்டும். பாயின் துணிக்கரையையும், உட்காரப் போடும் ‘சபுதோன்’ மெத்தையையும் மிதிக்காதீர்கள்.

பரிசை வாசலில் நீட்ட வேண்டாம். அறைக்குள் போய், வணக்கம் சொல்லி முடித்ததும் கொடுங்கள். பையிலிருந்து எடுத்து, எழுத்து அவர் படிக்கும் பக்கமாக இருக்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் கொடுப்பது முறை. பையை மடித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் போல உடனே குளிரில் வைக்க வேண்டியதென்றால் மட்டும் வாசலிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். பழைய மொழிப் பாடப் புத்தகங்களில் ‘த்சுமாரனாய் மோனோ தெசு கா’, அதாவது ‘அற்பமான பொருள்தான்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். இன்று பலருக்கு அது மிகையான தாழ்ச்சியாகப் படுகிறது. ‘ஒகுச்சி நி ஆவு தோ உரெஷீ தெசு’ – உங்கள் வாய்க்குப் பிடித்தால் மகிழ்ச்சி – என்பது இயல்பாக இருக்கும்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, பிரிக்காமலே ஓரமாக வைத்தால் மனம் வாடாதீர்கள். விருந்தாளி எதிரில் ஆவலோடு பிரிப்பது பழைய முறைப்படி நாகரிகம் அல்ல. இப்போது ‘பிரிக்கலாமா?’ என்று கேட்டுப் பிரிப்பவர்களும் உண்டு.

வெளியார் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். மறுநாள் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது ‘செஞ்ஜித்சு வா அரிகாதோ கோசாய்மாஷிதா’ என்று, அன்றைக்கு அளித்த விருந்துக்காக இன்னொரு முறையும் சொல்ல வேண்டும். முதல் நாளே சொல்லியாகிவிட்டதே என்று நாம் விட்டுவிடுவோம். அவருக்கோ அது மறதியாகத் தெரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது. பாசமாகப் பழகுபவர்கள் என்பதால் 20,000 யென்னுக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் அவர்கள் 10,000 யென் மதிப்புள்ள பொருளை அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பரிசு பிடிக்கவில்லையா?

பிடித்திருக்கிறது. ஆனால் அவர்களைச் சிரமப்படுத்திவிட்டீர்கள்.

பரிசு பெற்றவர் பதிலுக்கு ஒரு பொருள் அனுப்புவது ‘ஒகாயெஷி’. குழந்தைப் பேற்றுக்கு அனுப்புவதை ‘உச்சிஇவாய்’ என்பார்கள். வாங்கியதில் பாதி மதிப்புக்குத் திருப்புவது வழக்கம்; அதற்கு ‘ஹான்காயெஷி’ என்றே பெயர். மூன்றில் ஒரு பங்கும் ஏற்கத்தக்கதே. குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகும் சமயத்தில் அனுப்புவார்கள். ஆகவே உங்கள் 20,000 யென், கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு வீட்டுக்கு 10,000 யென் செலவாகப் போய்ச் சேர்ந்தது. பரிசின் விலையை நீங்கள் முடிவு செய்யும்போதே, அவர் எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறீர்கள். ஜப்பானில் பரிசு வாங்கும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். அக்கம்பக்கத்தாருக்கு 3,000 முதல் 5,000 யென், நெருங்கிய நண்பருக்கு 5,000 முதல் 10,000 யென் என்பது அவர்களுக்கும் சுமையில்லாத அளவு. குழந்தை பிறக்கும் முன் கொடுக்காதீர்கள். பிறந்து ஏழு நாள் கழிந்து ஒரு மாதத்துக்குள் கொடுப்பது வழக்கம்.

பெரிதாகச் செய்ய ஆசையிருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாகக் கொடுங்கள். தலைக்கு விழும் தொகை சிறிதாவதால் பதில் பரிசும் சிறிய இனிப்போடு முடியும். இப்போது வந்திருக்கும் பொருளுக்கு நன்றி மட்டும் சொல்லுங்கள். பதிலுக்குப் பதில் என்று இன்னொன்று அனுப்பிவிடாதீர்கள். கணக்கு அங்கே முடிந்துவிட்டது.

கேள்வி: ஓச்சூகென், ஒசெய்போ இரண்டும் கட்டாயமா?

இல்லை. ஆண்டு முழுவதும் உதவியவருக்கு நன்றியாக அனுப்பும் பருவப் பரிசுகள் இவை. பொதுவாக 3,000 முதல் 5,000 யென். ஓச்சூகென்னைத் தோக்கியோ பக்கம் ஜூலை 15-க்குள் அனுப்புவார்கள்; ஒசாகா பக்கம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் 15 வரை. ஒசெய்போ டிசம்பரில், 20-ஆம் தேதி வாக்கில் போய்ச் சேர்ந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் ஒசெய்போவை வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கினால் ஆண்டுதோறும் எதிர்பார்ப்பு வரும் என்பதால் யோசித்துத் தொடங்குங்கள். உங்களுக்கு யாரேனும் அனுப்பினால் பொருளாகத் திருப்ப வேண்டியதில்லை. உடனே ஒரு நன்றிக் கடிதம் போதும்.

கேள்வி: விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறேன். அலுவலகத்தில் 14 பேர். என்ன கொண்டுவரலாம்?

இதற்கு ‘ஒமியாகே’ என்று பெயர். நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்கு நன்றி என்பது இதன் உட்பொருள். அதனால்தான் ஒருவர்கூட விடுபடக் கூடாது. தனித்தனி உறையில் 16 அல்லது 17 துண்டுகள் இருக்கட்டும். பாகு வடியும் இனிப்பு வேண்டாம். விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துத் தின்ன முடிய வேண்டும். பருப்பு, பால், கோதுமை சேர்ந்திருந்தால் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். வேலைக்குத் திரும்பும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இறைச்சி கலந்த எதையும், வறுத்துக் காயவைத்ததானாலும், நீங்கள் கிளம்பும் நாட்டு அரசின் ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுவர முடியாது. புதிய பழங்களுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். சிலவற்றுக்கு முழுத் தடை. பரிசுக்காக என்பது விமான நிலையத்தில் செல்லுபடியாகாது.

கேள்வி: உடன் வேலை செய்பவரின் திருமணம். மொய் எவ்வளவு? உறையில் என்னென்னவோ முடிச்சுகள் இருக்கின்றன, எதை எடுப்பது?

நண்பருக்கும் சக ஊழியருக்கும் 30,000 யென். கணவன் மனைவியாகப் போனால் ஒரே உறையில் 50,000 யென். 20,000 போல முதல் இலக்கம் இரட்டைப்படையான தொகை இரண்டாகப் பிரியும் என்பதால் தவிர்ப்பார்கள். 4-இன் ஒலிப்பு ‘ஷி’ மரணத்தையும், 9-இன் ஒலிப்பு ‘கு’ துன்பத்தையும் நினைவூட்டுவதால் அவையும் கூடாது. நம் பழக்கத்தில் ஒரு யென் சேர்த்து 30,001 ஆக்கிவிடாதீர்கள். நாணயம் வைப்பதில்லை; மூன்று 10,000 யென் தாள்கள், அவ்வளவுதான்.

தாள் புழங்காததாக இருக்க வேண்டும். ‘ஷின்சாத்சு’ என்றால் யாரும் மடிக்காத தாள் என்று பொருள். 2024 ஜூலையில் வெளிவந்த புதிய வடிவத் தாள்தான் வேண்டும் என்பதில்லை. பழைய வடிவமும் கசங்காமல் இருந்தால் சரி. வங்கிக் கவுன்ட்டர் பெரும்பாலும் மாலை 3 மணிக்கு மூடிவிடும், சனி ஞாயிறு கிடையாது. திருமணங்களோ பெரும்பாலும் சனி ஞாயிறில். வாரத்தின் நடுவிலேயே மாற்றி வையுங்கள்.

உறையின் மேல் கட்டியிருக்கும் நாடா ‘மிசுஹிகி’. இழுத்தால் அவிழும் பூ முடிச்சு, குழந்தைப் பேறு போல எத்தனை முறை வந்தாலும் நல்லது என்பவற்றுக்கு. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு, ஒரு முறை மட்டுமே நடக்க வேண்டியதற்கு. திருமணத்துக்கு இறுகும் முடிச்சுதான். பூ முடிச்சு உறையைக் கொடுத்தால் ‘இன்னொரு திருமணமும் நடக்கட்டும்’ என்று ஆகிவிடும். கடையில் பார்த்தால் பூ முடிச்சுதான் கலகலப்பாகத் தெரியும். பலர் அதைத்தான் எடுத்துவிடுகிறார்கள். உறையின் ஆடம்பரமும் உள்ளிருக்கும் தொகைக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

உள் உறையில் தாள்களை, உருவப்படம் முன்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். உள் உறையின் முன்பக்கம் தொகையையும், பின்பக்கம் முகவரி, பெயரையும் எழுதுங்கள். வெளி உறையின் கீழ்ப்பகுதியில் உங்கள் பெயர், தூரிகைப் பேனாவில், அடர் கறுப்பில். வெளிநாட்டுப் பெயர்களுக்குப் பயன்படும் ஜப்பானிய எழுத்தான கதகனாவில் எழுதலாம். பின்பக்கம் மடிக்கும்போது கீழ் மடிப்பு மேல் மடிப்பின்மேல் வர வேண்டும். மேல்நோக்கித் திறந்த கை மகிழ்ச்சியை ஏந்துவது போல. பிறகு ‘ஃபுகுசா’ என்ற துணியில் சுற்றிக்கொண்டு போய், வரவேற்பு மேசையில் துணியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுங்கள். ஊதா நிற ஃபுகுசா வாங்கினால் துக்கத்துக்கும் அதுவே உதவும்.

கேள்வி: சக ஊழியரின் தந்தை இறந்துவிட்டார். துக்கத்துக்கும் உறை உண்டாமே?

உண்டு, அதன் பெயர் ‘கோதென்’. முதலில் அழைப்பில் ‘கோதென் ஜிதாய்’ என்று இருக்கிறதா பாருங்கள். பணம் ஏற்பதில்லை என்று பொருள். குடும்பத்தார் மட்டும் கூடி நடத்தும் இறுதிச் சடங்குகளில் இப்போது இது சாதாரணம். அப்படி இருந்தால் வற்புறுத்திக் கொடுக்கவே கூடாது.

ஏற்கிறார்கள் என்றால் 5,000 யென் போதும். திருமணத்துக்குச் சொன்னவை ஏறக்குறைய எல்லாமே இங்கே தலைகீழாக மாறும். புத்தம்புதுத் தாள் ஆகாது; சாவுக்குக் காத்திருந்து எடுத்து வைத்தது போலாகும். புதியதுதான் கையில் இருந்தால் ஒரு முறை மடித்துவிட்டு வையுங்கள். நாடா கறுப்பு வெள்ளை. ஒசாகா, கியோத்தோ பக்கம் மஞ்சள் வெள்ளையும் புழக்கத்தில் உண்டு. எழுத்து வெளிர்ந்த மையில். மேல் மடிப்பு கீழ் மடிப்பின்மேல் வர வேண்டும். முடிச்சு மட்டும் அதே இறுகும் முடிச்சு, காரணமும் அதே.

உறையின் மேல் ‘கோரெய்சென்’, அதாவது ‘ஆவியின் முன்னிலையில்’ என்று அச்சிட்டது எங்கும் கிடைக்கும். ஆனால் ஜோதோ ஷின்ஷூ பௌத்தப் பிரிவினருக்கு அது பொருந்தாது. பௌத்தக் குடும்பம் என்று மட்டும் தெரிந்தால் ‘ஒகோதென்’ என்று அச்சிட்டதை எடுப்பது பாதுகாப்பு. தாமரைப் படம் போட்ட உறை பௌத்தருக்கு மட்டுமே. கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் ‘கொனோ தாபி வா கோஷூஷோ-சாமா தெசு’ – ஆழ்ந்த அனுதாபங்கள் – என்று சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்று கேட்காதீர்கள். ஊதுபத்திப் பொடி இடும் முறை பிரிவுக்குப் பிரிவு மாறும். முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: மகளின் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு ஆண்டு முடிவில் ஏதாவது கொடுக்கலாமா?

வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். பரிசு வாங்கினால் அவருக்குத்தான் சங்கடம். மகள் கையால் எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் பூந்தொட்டி கொண்டுபோனால் தவறா?

தவறுதான். வேர் பிடிப்பது என்ற சொல்லும் படுக்கையில் கிடப்பது என்ற சொல்லும் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி. தலையோடு உதிரும் கமேலியாவும், சாவு வீட்டை நினைவூட்டும் வெள்ளைச் சாமந்தியும் கூடாது. பறித்த பூவைக்கூட அனுமதிக்காத மருத்துவமனைகள் இருக்கின்றன, முன்கூட்டியே விசாரியுங்கள்.

கேள்வி: ஒசாகாவில் புது அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். அண்டை வீட்டாருக்கு என்ன தருவது?

500 முதல் 1,000 யென்னுக்குத் துண்டு, பாத்திரம் கழுவும் திரவம், சமையலறைச் சுற்றுத்தாள் போல வீட்டில் செலவாகிப் போகும் பொருள். கடையில் ‘குடிவந்த வணக்கத்துக்கு’ என்று சொன்னால், சிவப்பு வெள்ளைப் பூ முடிச்சு அச்சிட்ட ‘நொஷி’ தாளைச் சுற்றி, கீழே உங்கள் குடும்பப் பெயரை எழுதித் தருவார்கள். இங்கே பெயர்தான் முக்கியம். நீங்கள் போன பிறகு அவர் அதைப் படித்துத்தான் உங்களை நினைவில் வைப்பார். இடம், வலம், மேல், கீழ் என நான்கு வீடுகள், கூடவே கட்டடப் பராமரிப்பாளர். குடிவந்த நாளோ மறுநாளோ, காலை 10 மணிக்கு மேல் இருட்டுவதற்குள் போங்கள். குழந்தைகள் இருந்தால் சத்தம் வரக்கூடும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முறை போயும் ஆளில்லை என்றால், வீட்டு எண்ணோடு ஒரு சிறு கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போடலாம். பொருளைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டு வர வேண்டாம்.