பிரியஸின் கியர் ஒயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 2012ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் இருக்கிறது. 1,40,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. கியர் ஒயில் ஒருமுறைகூட மாற்றவில்லை. ஹைபிரிட்டுக்கு அது ஆயுளுக்கும் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். சிவிடி ஒயில் வாங்கிக்கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். நானே வீட்டில் மாற்றலாமா?"

தாராளமாக மாற்றலாம். எஞ்சின் ஒயில் மாற்றிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் சிவிடி ஒயிலை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பிரியஸின் கியர் பெட்டியை ஈ-சிவிடி என்று அழைப்பதால் வந்த குழப்பம் இது. சிவிடி என்பது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாகக் கியர் மாறும் பெட்டி. சாதாரண சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டி ஓடும். அந்தப் பட்டி வழுக்காமல் இருக்கத்தான் தனி ஒயில். பிரியஸில் பட்டியும் இல்லை, கிளச்சும் இல்லை, டோர்க் கன்வேர்ட்டரும் இல்லை. பற்சக்கரங்களும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஒயில் பற்சக்கரங்கள் தேயாமல் காக்கிறது, மோட்டார்ச் சுருள்களின் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும் செப்புச் சுருள் எந்நேரமும் அதில் நனைகிறது என்றால், அந்த ஒயில் மின்சாரத்தைக் கடத்தாததாகவும் இருக்கவேண்டும் அல்லவா? டொயோட்டா சொல்லும் ஏடிஎஃப் டபிள்யூஎஸ் (ATF WS) என்ற ஒயிலைத் தவிர வேறொன்றும் ஊற்றவேண்டாம். 4 லீற்றர் வாங்குங்கள். உங்கள் வண்டிக்குச் சுமார் 3.4 லீற்றர் பிடிக்கும்.

ஆயுளுக்கும் போதும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. புது டபிள்யூஎஸ் நல்ல சிவப்பாக இருக்கும். ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய பிரியஸ்களில் நான் இறக்கிய ஒயில், சாயம் கூடிய பிளேன் டீ போலத்தான் வந்திருக்கிறது. அதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு இரவு வைத்துவிட்டு, அடியில் தேங்கியதை விரலால் தொட்டால் பென்சில் கரி மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஒட்டும். அத்தனையும் பற்சக்கரங்கள் தேய்ந்த உலோகத் தூள். புதுப் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில்தான் அது அதிகம் உதிரும், அதனால் முதல் மாற்றம்தான் மிக முக்கியம். நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள், இனித் தள்ளிப்போடவேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். பத்து நிமிடம் ஓட்டி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம். பிறகு வண்டியை முழுதாக நிறுத்துங்கள். டாஷ்போர்டில் ரெடி (READY) விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும், நீங்கள் அப்போது அடியில் படுத்திருப்பீர்கள். சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது, ஸ்டாண்ட் வைக்கவேண்டும். அதுவும் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஒயில் அளவு பிழைக்கும். தெரிந்த சேர்விஸ் நிலையத்தில் குழி கிடைத்தால் அதுவே நல்லது. செம்மஞ்சள் நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் போகிறவை. இந்த வேலைக்கு அவற்றைத் தொடத் தேவையே இல்லை.

அடுத்ததுதான் பலர் தவறும் இடம். அமெரிக்கக் காணொளிகளில் கியர் பெட்டி 'டிரைவர் பக்கம்' என்பார்கள். அங்கே டிரைவர் இடப்பக்கம் இருக்கிறார். நம் வண்டியிலும் கியர் பெட்டி இடப்பக்கம்தான், ஆனால் இங்கே அது பயணி பக்கம். டிரைவர் பக்கம் என்று நம்பிப் போனால் எஞ்சின் ஒயில் பிளக்கில் கை வைப்பீர்கள். இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கும். எஞ்சின் ஒயில் மாற்றப் போன இடத்தில் கியர் ஒயிலை இறக்கிவிட்டு, எஞ்சினுக்குள் இன்னும் 4.2 லீற்றர் ஊற்றி அனுப்பிய ஒரு பிரியஸ் என்னிடம் வந்தது. எஞ்சின் நிரம்பி வழிய, கியர் பெட்டி காய்ந்து போயிருந்தது. எஞ்சின் பிளக் 14 மில்லிமீற்றர். கியர் பெட்டியின் இரண்டு பிளக்குகளும் பெரியவை, 24 மில்லிமீற்றர் சொக்கெட் வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

அடிக் கவரைக் கழற்றியதும் முதலில் திறக்கவேண்டியது மேலே உள்ள ஊற்றும் பிளக். அது இறுகிக் கிடந்து திறக்க மறுத்தால், பழைய ஒயிலாவது உள்ளே இருக்கும், வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகலாம். கீழ்ப் பிளக்கை முதலில் திறந்து எல்லாம் இறங்கிய பிறகு மேல் பிளக் மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இறங்கியதை அளந்து வையுங்கள். பழைய ஒயிலைப் பிடித்து வைக்கும் டோர்க் கன்வேர்ட்டர் இல்லாததால் ஏறக்குறைய முழுதும் ஒரே தடவையில் வந்துவிடும், மெஷின் வைத்துக் கழுவத் தேவையில்லை. புது வொஷர் போட்டுக் கீழ்ப் பிளக்கை மூடுங்கள். பெட்டி அலுமினியம், வெறி பிடித்து இறுக்கினால் மரை போய்விடும். பிறகு பொனற்றைத் திறந்து மேலிருந்து ஒன்றரை மீற்றர் தெளிவான குழாயை ஊற்றும் துவாரம் வரை இறக்கி, மேல் முனையில் புனல் வைத்து மெதுவாக ஊற்றினால் போதும், பம்ப் வேண்டியதில்லை. துவாரத்தின் கீழ் விளிம்பிலிருந்து ஒயில் மெல்லக் கசியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். கசிவு நின்றதும் விரலை நுழைத்துப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே 10 மில்லிமீற்றருக்குள் ஒயில் தட்டுப்பட்டால் சரி. கணினியில் எதையும் ரீசெட் செய்யவேண்டியதில்லை.

ஒன்று: இந்த முறையை உங்கள் அயலவரின் முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட்டுக்கோ சிவிடி வைத்த சுசுக்கி வகன்ஆருக்கோ சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். முன்னதில் இரட்டைக் கிளச், பின்னதில் உண்மையான பட்டிச் சிவிடி. ஒயிலும் வேறு, முறையும் வேறு.

பழைய ஒயிலைக் கானில் அடைத்துக் கராஜில் கொடுங்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊற்றியது கிணற்றுக்கு வர நாளாகாது. அன்றிரவு வண்டிக்குக் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்துவிட்டு, காலையில் சிவப்புச் சொட்டு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.