எங்கள் ஏற்காட்டு லாட்ஜில் எல்லோரும் ரசித்த 'ஃபால்ட்டி டவர்ஸ்'

எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் எது, அதை உங்களைச் சுற்றியிருந்தவர்கள் எப்படி ரசித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பி.பி.சி.யின் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்றில் நடக்கும் கதைக்கும் சேலத்துக்காரனான எனக்கும் என்ன உறவு என்று தோன்றலாம் என்பதால், அதை எங்கே, யார் யாரோடு உட்கார்ந்து பார்த்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2001 முதல் 2012 வரை, ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் என் பெரியப்பா நடத்திய பதினான்கு அறை லாட்ஜில் ரிசப்ஷனைப் பார்த்துக்கொண்டேன். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிற கூட்டத்துக்கு அறை கொடுத்து மாளாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மூன்று அறை நிரம்பினாலே பெரிய காரியம். அப்படியொரு மழைக்காலத்தில், 2008இல், வருடந்தோறும் எங்களிடம் வந்து தங்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், 'லாட்ஜ் நடத்துகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்' என்று சொல்லி இதன் டி.வி.டி.யைக் கொடுத்துவிட்டுப் போனார். இரவுச் சாப்பாடு முடிந்து கேட்டைப் பூட்டிய பிறகு, ஹாலில் இருந்த தொலைக்காட்சி முன்னால் பெரியம்மா, சமையல் மாஸ்டர், ஜீப் ஓட்டும் அண்ணன், ரூம் பாய் என்று எல்லோரும் உட்கார, நான் வசனத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். டார்க்கீ என்ற ஊரில் பேசில் ஃபால்ட்டி என்பவர் மனைவி சிபிலோடு ஒரு விடுதி நடத்துகிறார். வருகிறவர்களில் பெரிய மனிதர் யார் என்று தேடிப் பணிவதும், மற்றவர்கள் மீது எரிந்து விழுவதும், ஒரு சிறிய பொய்யை மறைக்க அடுக்கடுக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதும் அவர் வழக்கம். பேசிலாக நடித்த ஜான் க்ளீஸும், விடுதியில் வேலை செய்யும் பாலி என்ற பெண்ணாக நடித்த கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, ஆக மொத்தமே பன்னிரண்டு கதைகள். எழுதத் தொடங்கியபோது கணவன் மனைவியாக இருந்த இருவரும் 1978இல் மணவிலக்குப் பெற்றுவிட்டார்கள். அதன் பிறகு வெளியான இரண்டாவது ஆறு கதைகளில்கூட எழுத்தின் கட்டுக்கோப்பு துளியும் தளரவில்லை என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

இதற்கு வித்தும் ஓர் உண்மையான விடுதிதான். 1970இல், க்ளீஸ் இடம்பெற்றிருந்த 'மான்டி பைத்தான்' என்ற நகைச்சுவைக் குழுவினர் படப்பிடிப்புக்காக டார்க்கீயில் க்ளெனீகிள்ஸ் என்ற விடுதியில் தங்கினார்கள். அங்கே விருந்தினர் ஒருவருடைய பைக்குள் கடிகாரம் டிக் டிக் என்று ஓடுவதைக் கேட்ட உரிமையாளர், அது வெடிகுண்டாக இருக்குமோ என்று பையைத் தூக்கி வெளியே மதில் ஓரமாக வைத்துவிட்டாராம். குழுவில் மற்றவர்கள் வேறு விடுதிக்கு மாறியபோது, க்ளீஸ் மட்டும் அந்த மனிதரைக் கவனிப்பதற்காக அங்கேயே தங்கினார். பின்னர் 1974இல் முதல் கதையைப் படித்துப் பார்த்த பி.பி.சி. அலுவலர் ஒருவர், இது படுதோல்வி அடையும் என்றே குறிப்பு எழுதினார். அதே தொடரைத்தான் 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், அந்நாட்டுத் தொலைக்காட்சியின் நூறு சிறந்த நிகழ்ச்சிகளில் முதலாவதாக வைத்தது.

இந்தச் சிறப்பு எதுவும் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வேலையை அதில் பார்த்தார்கள். எங்கள் பெரியம்மா முதல் இரவிலேயே சிபிலைக் கண்டுகொண்டார். ப்ருனெல்லா ஸ்கேல்ஸ் நடித்த அந்தப் பாத்திரம், பெரும்பாலும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தோழியிடம் 'தெரியும், தெரியும்' என்று இழுத்துக்கொண்டிருக்கும். விமரிசனம் எழுதுகிறவர்கள் பலர் அதை வம்பளக்கும் மனைவி என்ற அளவில் கடந்துவிடுவார்கள். பெரியம்மாவோ, சலவைக் கணக்கும் மளிகைக் கணக்கும் மாற்றுச் சாவிகளும் தன் இடுப்பிலேயே இருந்த பெண் என்பதால், வேறொன்றைக் கவனித்தார். 'பேசறது பேசட்டும், எந்த ரூம்ல யாரு இருக்காங்க, யாரு பணம் கட்டலைன்னு அந்தம்மாவுக்குத்தான் தெரியுது. அவங்க இல்லைன்னா அந்த லாட்ஜ் ஒரு வாரம் தாங்காது கண்ணு' என்றார். அடுத்த முறை பார்த்தபோது அவர் சொன்னது முற்றிலும் சரி என்று கண்டேன். விருந்தினர் குறையோடு வரும்போது இரண்டே வார்த்தையில் தீர்த்து அனுப்புவது எப்போதும் சிபில்தான்.

சமையல் மாஸ்டரைக் கவர்ந்த கதை, சமையல்காரர் கிளம்பிப் போய்விட்ட பிறகு அமெரிக்கர் ஒருவர் வால்டார்ஃப் சாலட் கேட்கும் கதை. சமையலறையைத் திறந்து வைப்பதற்காக அவரிடம் தனியாகப் பணம் வாங்கிக்கொண்ட பேசில், மாஸ்டரை அனுப்பிவிட்டுத் தானே சமைக்க இறங்குகிறார். பிறகு ஆளில்லாத சமையலறைக்குள் நின்று, அங்கே இல்லாத மாஸ்டரை வெளியே கேட்கும்படி திட்டுகிறார். எல்லோரும் சிரிக்க, எங்கள் மாஸ்டர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, 'அந்தப் பணம் மாஸ்டருக்குத்தானே வரணும்?' என்று கேட்டார். முப்பது வருடம் பிறர் சமையலறைகளில் நின்றவருடைய கேள்வி அது. அமெரிக்கர் கடைசியில் பேசிலை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேட்கும் இடத்தில்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜீப் அண்ணனுக்கு, விருந்து நாளன்று பழுதாகி நடுச்சாலையில் நின்றுவிட்ட காரை, பேசில் மரக்கிளையை ஒடித்து வந்து விளாசும் காட்சி ஒன்றே போதும். பன்னிரண்டாவது வளைவிலோ பதினைந்தாவது வளைவிலோ, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, ரேடியேட்டர் கொதித்து நின்ற வண்டியோடு தனியாகப் போராடியவர்களுக்கு அந்தக் கோபத்தின் ஒவ்வொரு நரம்பும் தெரியும். அதை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது எங்கள் ரூம் பாயைப் பற்றி. அவன் ஒடிசாவிலிருந்து வந்தவன்; வயது இருபதைத் தாண்டியிருக்காது. தமிழைச் சமையலறையில் நின்றுதான் கற்றுக்கொண்டான். அவன் வந்த இரண்டாவது வாரம், எட்டாம் நம்பர் அறையிலிருந்தவர் குளிக்கப் போகும் அவசரத்தில் 'தம்பி, ரெண்டு துண்டு கொண்டா' என்றார். அவனுக்குத் தெரிந்த துண்டு மீன் துண்டு. மாஸ்டரிடம் போய் இரண்டு துண்டு வறுத்த மீனைத் தட்டில் வாங்கி, மேலே வெங்காயமும் எலுமிச்சையும் வைத்து, மூடி போட்டு எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைத் தட்டினான். ஈரத் தலையோடு கதவைத் திறந்தவர் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தம் ரிசப்ஷன் வரை கேட்டது. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அவரும் தணிந்துவிட்டார். ஆனால் அவன் அன்று முழுவதும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஃபால்ட்டி டவர்ஸில் மானுவெல் என்று ஒரு பணியாள் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து வந்தவன், ஆங்கிலம் அரைகுறை, எதைச் சொன்னாலும் முதலில் 'கே?' என்பான். ஸ்பானிய மொழியில் அதற்கு 'என்ன?' என்று பொருள். சொன்னதைச் சொன்னபடியே செய்ய முனைந்து, அதனாலேயே அடி வாங்குகிறவன். முதல் நாள் எங்கள் ரூம் பாய் அதைச் சிரிக்காமல் பார்த்தான். முடிந்ததும், 'அவர் ஊர் எங்கே? ஊருக்குப் போவாரா?' என்று மட்டும் கேட்டான். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, விளங்காத வார்த்தை ஒன்று வந்தபோது, அவனே ரிசப்ஷன் முன்னால் நின்று 'கே?' என்றான். பெரியம்மா சிரித்த சிரிப்பில் கணக்கு நோட்டு கீழே விழுந்தது. அதன் பிறகு அவன் புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொண்டு போவதை விட்டுவிட்டான், 'கே?' என்று கேட்பான், நாங்களும் வேறு வார்த்தையில் சொல்வோம். சில மாதங்களில் மாஸ்டரும் ஜீப் அண்ணனும்கூட, காதில் விழாதபோது 'கே?' என்றே கேட்டார்கள்.

மானுவெலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸின் வாழ்க்கையைப் பின்னால் படித்தபோது அந்தப் பாத்திரம் எனக்கு இன்னும் நெருக்கமாயிற்று. அவர் 1930இல் பெர்லினில் பிறந்தவர்; தந்தை யூதர் என்பதால் நாஜிகளிடமிருந்து தப்பி, 1938இல் சிறுவனாகக் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர். வேற்று மொழிக்கு நடுவே போய் நிற்பது எப்படியிருக்கும் என்பது அவருக்கு எட்டு வயதிலேயே தெரியும். சமையலறைத் தீ விபத்துக் காட்சி ஒன்றில், சட்டையிலிருந்து புகை வருவதற்காகப் பூசிய ரசாயனம் பட்டு அவருக்கு உண்மையாகவே தோலில் காயம் ஏற்பட்டது. 2016இல் அவர் காலமான செய்தியைப் படித்த அன்று, எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்விட்டது போலத்தான் இருந்தது.

எனக்கென்று ஒரு கதையைச் சொல்லச் சொன்னால், காது கேளாத ரிச்சர்ட்ஸ் அம்மாள் வந்து தங்கும் கதையைச் சொல்வேன். காதுக்கருவி வைத்திருப்பார், பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதைப் போட மாட்டார். அறை ஜன்னலிலிருந்து காட்சி சரியில்லை என்று குறை சொல்வார். கடல் தெரிகிறதே என்றால், இன்னும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பார். டார்க்கீ விடுதி ஜன்னலில் வேறு என்னதான் தெரியும் என்று பேசில் பொரிந்து தள்ளுவார்.

இதை நான் முதன்முறை பார்த்ததற்குச் சில நாட்கள் முன்புதான், 'ஏரி தெரியும் ரூம்' என்று கேட்டு வாங்கிய ஒரு குடும்பத்தலைவர் காலை ஏழு மணிக்கு ரிசப்ஷனில் வந்து நின்று, ஏரியே தெரியவில்லை, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். ஏரி நூறு அடி தூரத்தில்தான் இருந்தது. நடுவில் நின்றது பனிமூட்டம். அவரை வராந்தாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, 'பத்து மணி வரைக்கும் பொறுத்துக்குங்க சார்' என்று சொன்னேன். ஒன்பதே முக்காலுக்குப் பனி மெல்ல விலகியது. முதலில் சில்வர் ஓக் மரங்களின் உச்சி, பிறகு படகுத்துறை, பிறகு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவரும் சமாதானமாகிப் படம் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று மணி நேரமும் என் வாய் 'சார், சார்' என்றுதான் சொன்னது. உள்ளே ஓடிய பேச்சு வேறு. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவன் வாய்விட்டுச் சொல்லவே முடியாத அந்தப் பேச்சை, பேசில் ஃபால்ட்டி முழுவதுமாகச் சொல்லித் தீர்க்கிறார். விருந்தினராக மட்டுமே விடுதிக்குப் போனவர்கள் அவரை ஒரு கோமாளியாகப் பார்த்து ரசிப்பதைக் கண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சிரிக்கும்போது ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும்.

அன்பு வைத்த தொடர் என்பதற்காக அதன் குறையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மானுவெலைத் தலையில் தட்டுவதும் கரண்டியால் அடிப்பதும் சில இடங்களில் அளவு மீறிப் போகின்றன. ரூம் பாய் அருகில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காட்சிகளை நான் வேகமாக ஓட்டியிருக்கிறேன். 'தி ஜெர்மன்ஸ்' என்ற கதையில், விடுதியிலேயே குடியிருக்கும் வயதான மேஜர், இந்தியக் கிரிக்கெட் அணியைப் பற்றிப் பேசும்போது நம்மவரையும் மேற்கிந்தியத் தீவினரையும் இழிவான சொற்களால் குறிப்பிடுகிறார். 2020இல் பிரிட்டனில் ஓர் ஒளிபரப்பு நிறுவனம் அந்தக் கதையைத் தற்காலிகமாக நீக்கி, பிறகு எச்சரிக்கைக் குறிப்போடு திரும்பச் சேர்த்தது. மேஜரைக் கேலி செய்யவே அந்த வசனம் எழுதப்பட்டது என்று க்ளீஸ் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் அந்தச் சொற்கள் காதில் விழும்போது வலிக்கத்தான் செய்கிறது.

நீங்கள் புதிதாகப் பார்ப்பதாக இருந்தால், ரிச்சர்ட்ஸ் அம்மாள் வரும் 'கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸ்' கதையிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'தி ஹோட்டல் இன்ஸ்பெக்டர்ஸ்'. கரண்டி விற்க வந்த ஒருவரைச் சோதனை அதிகாரி என்று நினைத்துப் பேசில் விழுந்து விழுந்து உபசரிக்கும் கதை அது. எங்கள் லாட்ஜிலும் கையில் டைரியோடு, தனியாக, பேன்டுக்குள் சட்டையைச் செருகிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் புதிய சோப்பு கொடுத்திருக்கிறோம். கீழே வரும் வசன எழுத்தைப் போட்டுக்கொண்டே பாருங்கள்; க்ளீஸ் பேசும் வேகத்துக்கு அது தேவைப்படும். கூடவே ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தி நிறுத்திச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

லாட்ஜைக் கைமாற்றிவிட்டு நாங்கள் சேலத்துக்கு இறங்கிவிட்டோம். பெரியம்மாவுக்கு இப்போது காது சற்று மந்தம். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்று நான் ஏதாவது கேட்டால், சமையலறையிலிருந்து அவர் பதில் இன்றும் அதுதான்: 'கே?'