உடைந்த ஊசிக்குக் கணக்கு உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் பிரிவில், அதாவது சட்டமும் பையர் விதிகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஆடை வாங்கும் பையர்கள் இரண்டு பேர், சுற்றுச்சூழலையும் தொழிலாளர் நலனையும் பற்றிய நிலைத்தன்மை அறிக்கை கேட்டிருக்கிறார்கள். ஜிஆர்ஐ என்ற சர்வதேச முறையில் தயாரிப்பதா, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பிஆர்எஸ்ஆர் படிவத்தில் தயாரிப்பதா என்று எங்களுக்குள் ஒரே குழப்பம். மரக்கன்று, சோலார், டீசல், சாயக் கழிவுநீர் எல்லாவற்றுக்கும் தகவல் சேர்த்துவிட்டேன். சமூகப் பகுதியில் சிக்கல் இல்லை. விபத்து பூஜ்ஜியம், பாலியல் தொல்லைப் புகார் பூஜ்ஜியம், தொழிலாளர் குறை பூஜ்ஜியம். காண்ட்ராக்ட் ஆட்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை, அவர்கள் காண்ட்ராக்டரின் பொறுப்பு. எந்த முறையில் எழுதினால் மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும்?

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். பிஆர்எஸ்ஆர் படிவம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருப்பவற்றுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் கட்டாயமில்லை. ஆனாலும் அதையே நிரப்புங்கள். ஜிஆர்ஐ கேட்பதில் பெரும்பகுதி அதில் வந்துவிடும், பையர் அனுப்பும் தனிப் படிவத்துக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மரக்கன்றில் நட்ட எண்ணிக்கையை விடுங்கள், மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பதை எண்ணி எழுதுங்கள். ஜெனரேட்டர் டீசலுக்கு லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மூன்று பூஜ்ஜியங்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கான பேர் ஊசியோடும் கத்தியோடும் நீராவிப் பெட்டியோடும் ஆண்டு முழுக்க வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை "சிக்கல் இல்லை" என்ற இரண்டு சொல்லில் கடந்துவிட்டீர்கள். படித்த பெண், அந்தத் தரையில் தினமும் நடக்கிறவர். கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

உங்கள் கம்பெனியில் உடைந்த ஊசிக்கு ஒரு பதிவேடு இருக்கும். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்களில் ஊசி முறிந்தால் தையல்காரர் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தாளில் ஒட்டி, தேதி, லைன், மெஷின் எண், பெயர் எழுதிக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதையும் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் ஓட்டுவீர்கள். குழந்தைச் சட்டையில் ஊசித் துண்டு போய்விட்டால் பையர் ஆர்டரையே திருப்பிவிடுவார், அதனால் இவ்வளவு கவனம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஊசி எதில் பட்டு முறிந்தது என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது. சில ஊசிகள் விரல் நகத்தில் இறங்கி முறிகின்றன. ஊசிக் காப்பைக் கழற்றி வைத்துத் தைப்பதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. காப்பு இருந்தால் நூல் கோக்க நேரம் பிடிக்கும், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட்டில் அந்த நேரம் கூலியில் குறையும். கட்டிங் பிரிவில் இரும்பு வலைக் கையுறையைக் கழற்றுவதும் இதே காரணத்தால்தான். விபத்துக்கு "கவனக்குறைவு" என்று எழுதுகிறீர்களே, அதற்குப் பின்னால் ரேட் இருக்கிறது.

இப்போது காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம். பிஆர்எஸ்ஆர் படிவத்தில் விபத்து அட்டவணைக்குக் கீழேயே ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட என்று குறிப்பு இருக்கிறது. அதை நீங்கள் படித்திருக்க வேண்டும். கணக்கு எளிது. வேலைநாள் இழக்கவைத்த காயங்களின் எண்ணிக்கையைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மொத்த உழைப்பு மணிநேரத்தால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம்: கம்பெனி ஆட்கள் 500, காண்ட்ராக்ட் ஆட்கள் 400, ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 21,60,000 மணி நேரம். மூன்று காயங்கள், மூன்றும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு. விகிதம் 1.39. காண்ட்ராக்ட் ஆட்களை எடுத்துவிட்டால் 0. கத்தி, அயர்ன், லோடிங் என்று ஆபத்தான வேலைகளைக் காண்ட்ராக்டில் விட்டுவிட்டு, அவர்களைக் கணக்கிலிருந்தும் விட்டுவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் பூஜ்ஜியம் காட்டும். இதைவிட மோசமானதும் நடக்கிறது: வகுக்கும் மணிநேரத்தில் அவர்களின் நேரத்தைச் சேர்த்துக்கொண்டு, அவர்களின் காயத்தை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுவது.

மணிநேரத்தில் இன்னொரு பொறி உண்டு. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓடாத சீசன் ஏது? நூறு நாள் 12 மணி நேரம் ஓடியிருந்தால் மேலே சொன்ன மணிநேரம் 25,20,000 ஆகும், விகிதம் 1.19-ஆகக் குறையும். குறைந்தாலும் பல கம்பெனிகள் 8 மணி நேரக் கணக்கையே எழுதுகின்றன. உண்மையான மணிநேரத்தை எழுதினால் ஓவர்டைம் வெளியே வந்துவிடும், இரட்டைச் சம்பளம் கொடுத்தீர்களா என்ற கேள்வி வரும். ஆகவே இந்த எண்ணைச் சரிபார்க்க வருகிற எவரும் முதலில் காண்ட்ராக்டர் பில்லில் உள்ள ஷிப்ட் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். பணம் வாங்குவதற்காக எழுதிய கணக்கு என்பதால் அதில் ஷிப்ட் குறையாது.

உங்கள் பூஜ்ஜியத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். முதலுதவிப் பெட்டிக்கு வாங்கிய பேண்டேஜ், தீப்புண் களிம்பு பில்களை எடுங்கள். மாதம் எத்தனை பெட்டி தீர்கிறது, முதலுதவிப் பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கம்பெனி வேன் மருத்துவமனைக்குப் போன ஓட்டங்களை டிரைவரின் டிரிப் ஷீட்டில் பாருங்கள். காயம்பட்டவருக்கு டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்ட பில் இருக்கும். தொழிலாளர் காப்பீட்டு நிறுவனமான இஎஸ்ஐ-க்கு அனுப்பிய விபத்து அறிக்கைகளை எடுங்கள். காயம்பட்டவர் பெயரை வைத்துக்கொண்டு அடுத்த மூன்று நாள் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே சாதாரண லீவு என்று இருக்கும், அல்லது வந்ததாகவே இருக்கும். கட்டுப் போட்ட கையோடு வரவழைத்து ஆபீசில் உட்காரவைத்தால் "நாள் இழப்பு இல்லை" என்று எழுதிவிடலாம் அல்லவா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அரசுக்கு அறிவிக்க வைத்த வரம்பு, 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போவது. உட்காரவைத்த ஆள் வேலை செய்ய முடிந்த ஆள் ஆகமாட்டார். அவரைக் காயக் கணக்கில் சேருங்கள்.

சூப்பர்வைசருக்கு "விபத்தில்லா மாதம்" என்று பரிசு கொடுக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். அந்தப் பணம் காயத்தை மறைக்கத்தான் பயன்படும். நூலிழையில் தப்பிய சம்பவத்தைச் சொன்னவருக்குக் கொடுங்கள். முதல் ஆறு மாதம் எண்ணிக்கை ஏறும். ஏறட்டும்.

பெண்களின் புகார் பூஜ்ஜியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளி உறுப்பினர் ஒருவர் வேண்டும். அந்த வெளி உறுப்பினர் கடைசியாக வந்த தேதி, அவருக்குக் கொடுத்த படியின் வவுச்சர் இரண்டும் உங்களிடம் இருக்கின்றனவா? அறிவிப்புப் பலகையில் குழுவினர் பெயர்களும் தொலைபேசி எண்ணும் வெளிமாநிலத்தவர் படிக்க ஒடியாவிலும் இந்தியிலும் இருக்கின்றனவா? ஹாஸ்டலிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு அந்த எண்ணை அழையுங்கள், யார் எடுக்கிறார் என்று பாருங்கள். எடுப்பவர் தையல் பிரிவு மேனேஜர் என்றால் உங்கள் பூஜ்ஜியத்துக்கான காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆடிட்டில் எல்லாம் சரியாகிவிட்டதே என்பீர்கள். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு, ஆகஸ்டில், அதற்குத் தொழிலாளர் பாதுகாப்பு, உரிமைகள் சரியாக உள்ளன என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. தீயை யார் வைத்தார்கள் என்று வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டிய வழிகளும் கம்பி அடித்த ஜன்னல்களும். சான்றிதழ் கொடுத்தபோதும் அந்தக் கம்பிகள் அங்கேதான் இருந்தன.

முதலாளி என்ன சொல்வார் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, உங்களைத் திட்டுவதால் நான் அதைச் சிறிதாக எண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எண் மாறும்போது காரணத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அட்டவணைக்குக் கீழே இரண்டு வரி போதும்: "சென்ற ஆண்டுக் கணக்கில் நிரந்தரத் தொழிலாளர் மட்டும் இருந்தனர். இந்த ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளரும், ஓவர்டைம் உட்பட உண்மையான உழைப்பு மணிநேரமும் சேர்க்கப்பட்டுள்ளன." சென்ற ஆண்டு எண்ணையும் அதே முறையில் திருத்திப் பக்கத்தில் போடுங்கள். விவரம் தெரிந்த பையருக்கு இந்தக் குறிப்பு போதும். ஓவர்டைமைப் பற்றிக் கேள்வி வந்தால், அது உங்கள் மேசையில் நிற்க வேண்டிய கேள்வி இல்லை, முதலாளியிடம் அனுப்புங்கள்.

கட்டிங் பிரிவில் தொடங்குங்கள். ஆட்கள் குறைவு, காயம் பெரிது, ஒரு வாரத்தில் கணக்கு கையில் வந்துவிடும். உடைந்த ஊசித் தாளில் "உடலில் பட்டதா?" என்று ஒரு கட்டமும் சேர்த்து அச்சடித்துவிடுங்கள்.