மருத்துவர் பதில்கள்: இரவில் ஐந்து முறை

கேள்வி: எனக்கு வயது 67. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இரண்டு ஆண்டுகளாக இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். ஸ்கேனில் புராஸ்டேட் 42 கிராம் என்றும், கழித்த பிறகும் சிறுநீர்ப் பையில் 140 மில்லி தங்குகிறது என்றும் வந்தது. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார். இன்னொருவர் மாத்திரை போதும் என்றார். மூன்றாமவரைப் பார்க்க மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அவர் கோப்பைத் திறக்காமலேயே, "வயசானா இப்படித்தான் சார்" என்று சொல்லி அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மாலையில் கணுக்கால் வீங்குகிறது. யார் சொல்வதை நம்புவது?
— கும்பகோணம் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியை மூன்று மருத்துவர்களில் எவரேனும் காது கொடுத்துக் கேட்டாரா என்று தெரியவில்லை. மாலையில் கணுக்கால் வீங்குகிறது என்கிறீர்களே, விஷயத்தில் பாதி அங்கேதான் இருக்கக்கூடும். பகல் முழுவதும் காலில் தேங்கும் நீர், நீங்கள் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக இரவில்தான் வெளியேறும். அப்படியானால் நீங்கள் எழுவதற்கு, சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி மட்டும் காரணமன்று. இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகமாக இருக்கிறது என்று பொருள். புராஸ்டேட்டை அறுத்து எடுத்தாலும் அந்த நீர் குறையாது.

இது என் ஊகமா, உண்மையா என்பதை நீங்களே மூன்று நாளில் கண்டுபிடித்துவிடலாம். மில்லி அளவு குறித்த பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கிக் கழிவறையில் வையுங்கள். மூன்று முழு நாட்களுக்கு, ஒவ்வொரு முறையும் மணியையும் அளவையும் ஒரு நோட்டில் குறியுங்கள். குடித்த தண்ணீர், காபி, மோர் எல்லாவற்றையும் எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். படுத்த பிறகு கழித்தவற்றோடு காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரையும் கூட்டினால் வருவது இரவுக் கணக்கு. 24 மணி நேரத்தில் மொத்தம் 2000 மில்லி, அதில் இரவுக் கணக்கு 850 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது; இது தாண்டிவிட்டது. மாறாக, மொத்த அளவு சாதாரணமாக இருந்து, ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி மட்டுமே வருகிறது என்றால், அப்போது சிறுநீர்ப் பையையும் புராஸ்டேட்டையும் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

இரவில் நீர் பெருகப் பல வாசல்கள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்கு நம் ஊரில் பரவலாக எழுதப்படும் அம்லோடிபின் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடியது. நீர் பிரியும் மாத்திரையை மாலையில் விழுங்குபவர் இரவு முழுவதும் நடந்துகொண்டுதான் இருப்பார். சர்க்கரைக்கு இப்போது அதிகம் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றியே வேலை செய்கிறது. சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பலத்த குறட்டையும், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இரவுச் சிறுநீரைக் கூட்டும் என்பதால், குறட்டை உண்டா என்று உங்கள் துணைவியாரைக் கேளுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் அது தெரியும். இவற்றில் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை மாற்றலாமா, மாற்று மருந்து உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். காலும் வீங்குவதால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், அந்த நீரில் ஒரு பகுதி நீங்கள் உறங்கப் போவதற்கு முன்பே வெளியேறிவிடும்.

இனி 42 கிராமுக்கு வருவோம். ஸ்கேன் அறிக்கையில் எண்ணைப் பார்த்ததும் பலருக்கு உயிர் போய்விடுகிறது. ஆனால் புராஸ்டேட்டின் எடைக்கும் தொல்லையின் அளவுக்கும் நேரான தொடர்பு இல்லை. 30 கிராமில் தவிப்பவரும் உண்டு, 80 கிராமில் நிம்மதியாக உறங்குபவரும் உண்டு. சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளுதல், திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று, பையில் கல், அடிக்கடி ரத்தம், சிறுநீரகம் பாதிக்கப்படுதல், மருந்துக்குக் கட்டுப்படாமை ஆகியவைதான் அறுவை சிகிச்சைக்கான காரணங்கள். இவற்றில் எது உங்களுக்கு இருக்கிறது என்று முதல் மருத்துவரிடம் கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி அன்று.

அந்த 140 மில்லியை நான் உடனே நம்பமாட்டேன். ஸ்கேன் சென்டரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, "அடக்கிக்கிட்டு உட்காருங்க" என்று வரிசையில் அமர்த்தி, இனி முடியாது என்ற நிலையில் உள்ளே அழைத்திருப்பார்கள். பிறகு வெளியே நாலு பேர் கதவைத் தட்டும் கழிவறையில் அவசரமாகக் கழித்துவிட்டு வந்திருப்பீர்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பை சரியாகச் சுருங்காது. மிச்சம் அதிகமாகத்தான் காட்டும். சாதாரணமாக முட்டும்போது கழித்துவிட்டு, அந்த ஓர் அளவை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் யூரோஃப்ளோ என்ற வேகச் சோதனையையும் செய்துகொள்ளலாம். குறைந்தது 150 மில்லியாவது வெளிவந்தால்தான் அதன் முடிவுக்கு மதிப்பு. அப்போதும் உச்ச வேகம் விநாடிக்கு 10 மில்லிக்குக் கீழே இருந்தால் தடை இருக்க வாய்ப்பு அதிகம், 15-க்கு மேல் இருந்தால் குறைவு.

அறிகுறிகளை அளக்கத் தனியாக ஒரு வினாத்தாளும் உண்டு. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், மொத்தம் 35. தலைமையாசிரியரான உங்களுக்கு இது வினோதமாக இருக்கும். இதில் குறைவாக வாங்குபவரே தேர்ச்சி. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை.

மாத்திரை என்று முடிவானால் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். சிறுநீர் வரும் வழியிலுள்ள தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் வகை சில நாட்களிலேயே பலன் தரத் தொடங்கும். ஆனால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஆகவே இரவில் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்துவிட்டு எழுங்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகும்போது இந்த மாத்திரை எடுப்பதை, முன்பு எடுத்திருந்தாலும்கூட, கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு ஆகியவற்றுக்கு முழுப் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், அவை, புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கப்படும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டுவதால், அதைச் சொல்லாமல் சோதனை செய்தால் ஏமாந்துபோவோம். சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத் தவிருங்கள். அவற்றில் சில சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். அப்படி அடைத்து வயிறு கல்லாகிவிட்டாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, அன்று டோக்கனுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது மருத்துவரைப் பற்றி. அவருக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அரசு மருத்துவமனை ஓபியில் ஒரே காலையில் நூறு பேருக்கு மேல் பார்த்த நாட்களில், "வயசுதானே ஐயா" என்ற வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்; பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் தடித்த கோப்பு எங்களுக்கு உதவாது. மூன்று நாள் கணக்கு, மாத்திரைகளின் பெயரும் எடுக்கும் நேரமும், உங்கள் ஒரே கேள்வி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தால், அதைப் படிக்காமல் தள்ளிவிடுவது எவருக்கும் கடினம். பழைய மருத்துவமனை உங்கள் ஆவணங்களைத் தர மறுத்தால் எழுத்துமூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கேள்வி: நான் 36 வயதுப் பள்ளி ஆசிரியை. இந்த ஆண்டில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேறு ஆன்டிபயாடிக் தருகிறார்கள். பள்ளிக் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதே இல்லை.
— விழுப்புரம் வாசகி

பதில்: ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது ஓராண்டில் மூன்று முறை வந்தாலே அதைத் தொடர் தொற்று என்போம், உங்களுக்கு நான்கு. நான்கு முறையும் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்தார்களா என்பதே என் கேள்வி. செய்யவில்லை என்றால், எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்; வந்தது கிருமித் தொற்றுதானா என்பதுகூட உறுதியாகாது. அடுத்த முறை ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையைப் போடும் முன்பே சிறுநீரைக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தரும் மூடிய டப்பாவில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். கைப்பையிலேயே மதியம் வரை கிடந்தால், வழியில் வளர்ந்த கிருமிக்கும் சேர்த்து மருந்து எழுதுவார்கள்! முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்; அதுவரை தரும் மருந்தை, முடிவைப் பார்த்து மாற்றலாம். போன முறை மிஞ்சிய மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். கல்ச்சரில் கிருமியே இல்லை என்று வந்தால், எரிச்சலுக்குக் கல், பிறப்புறுப்பில் பூஞ்சை என வேறு காரணம் தேட வேண்டும். எப்படியும் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் உங்களை அதிகம் படுத்துகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி அடிக்கடித் தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. பூட்டிய கழிவறையைத் திறக்க எந்த மாத்திரையாலும் முடியாது. சக ஆசிரியைகள் அனைவரும் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் மனு கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: வயது 54. இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. உடற்பயிற்சியால் சரியாகுமா? ரத்த அழுத்தம் உண்டு. சில மாதங்களாக வறட்டு இருமலும் இருக்கிறது.
— மதுரை வாசகி

பதில்: பலருக்குக் கணிசமாகக் குறையும், அம்மா. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல இடுப்பு அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகவும் கூடாது. அதற்கு முன் உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில் என்று மருந்தின் பெயர் 'பிரில்' என முடிந்தால், அந்த வறட்டு இருமலே மாத்திரையால் வந்ததாக இருக்கலாம். அட்டையோடு போய்க் காட்டினால் மாற்று மருந்து எழுதித் தருவார்; இருமல் அடங்கச் சில வாரங்கள் ஆகும்.