கேட்டதும் சொன்னதும்: கோவளம் கரையில் நிற்க ஆசை

(கேரளத்தின் கோவளம் கடற்கரையில் பல வருடம் லைஃப்கார்டாக இருந்து ஓய்வுபெற்ற, கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடி ஊர்க்காரர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 22 வயது. கொல்லங்கோடு பக்கம் கடற்கரை ஊர். சின்ன வயதிலிருந்தே கடலில்தான் கிடக்கிறேன். லைஃப்கார்டு வேலைக்குப் போக ஆசைப்பட்டு ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், உடம்பும் ஏறியிருக்கிறது. ஆனால் போன வாரம் நூறு மீட்டர் நீந்துவதற்குள் இரைத்துவிட்டது. எங்கே குறை?

பதில்: மூச்சில்தான் குறை, மக்களே. கடற்கரையில் பிறந்தவனுக்கு யார் நீச்சல் சொல்லித்தர வேண்டும் என்றுதான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். நம் பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கையை வேகமாக அடித்து நீந்துவார்கள். கரையிலிருந்து வள்ளத்தில் போய் ஏற அது போதும்.

முதல் வருடமே எனக்குப் பாடம் கிடைத்தது. பாறைப் பக்கம் ஒரு ஆள் இழுபட்டுப் போனார். எண்பது மீட்டர் இருக்கும். இருக்கிற தெம்பையெல்லாம் போட்டு அடித்துப் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தபோது எனக்கே மூச்சில்லை. நேர் முன்னால் போனதால் கழுத்தைக் கட்டிப் பிடித்துவிட்டார். இரண்டு பேரும் தாழ்ந்தோம். "பிடித்தால் கீழே போ, அவன் உன்னோடு வரமாட்டான்" என்று மூத்தவர் சொல்லியிருந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. கீழே முங்கினேன், பிடி விட்டது. பின்னாலேயே மிதவையோடு வந்த அந்த மூத்தவர்தான் எங்கள் இரண்டு பேரையும் கரை சேர்த்தார். அன்றிலிருந்து, போகும்போது பாதி மூச்சைத் திரும்பி வருவதற்கு மிச்சம் வைத்துப் பழகினேன்.

ஆஸ்திரேலியாவில் கடலோர உயிர்காப்புச் சான்றிதழ் வாங்க 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அப்புறம் 200 மீட்டர் ஓடி, 200 மீட்டர் நீந்தி, மறுபடி 200 மீட்டர் ஓடுவதை 8 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதை உன் இலக்காக வைத்துக்கொள். ஊர்க் குளத்தில் 50 மீட்டர் அளந்து, இரண்டு தென்னையில் துணி கட்டு. 50 மீட்டர் நீந்து, அரை நிமிடம் நில். இப்படி எட்டுத் தடவை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, காற்றை உள்ளேயே மெதுவாக ஊதி விடு. நீ காற்றை விடாமல் பிடித்து வைப்பதால்தான் இரைக்கிறது. இரண்டு வாரத்தில் நிற்கும் நேரத்தைக் கால் நிமிடமாக்கு, பிறகு நூறு நூறாக நீந்து. கரையில் ஒரு ஆள் இல்லாமல் குளத்தில் இறங்காதே.

ஓட்டம் முதலில் ஈர மணலில், கணுக்கால் பலப்பட்ட பிறகு காய்ந்த மணலில். உன் எடையுள்ள நண்பனைத் தண்ணீரில் 50 மீட்டர் இழுத்து வந்து, அக்குளில் கை கொடுத்து மணலேற்றிப் பார். ஜிம்மில் நூறு கிலோ தூக்குகிறவன்கூட நனைந்து தொய்ந்த ஆளை ஏற்றத் திணறுவான். ஊரில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறார்களா? போய்க் கயிற்றைப் பிடி. முதுகுக்கும் தொடைக்கும் அதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் பயறும் போதும், பவுடர் வாங்கிக் காசை விடாதே.

உடம்புக்கு இவ்வளவு போதும். இந்த வேலையில் பெரும்பகுதி கண்ணுக்குத்தான். ஒரு கதம்பையை (தேங்காய் உரிமட்டையை) அலைக்குள் எறிந்து, அது எங்கே போகிறதென்று ஒரு மணி நேரம் நின்று பார். அலை கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர், மணல்திட்டில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் திரும்பிப் போகும். அங்கே அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கறுத்து, நுரை கடலைப் பார்த்து நகரும். வெளியூர்க்காரர் "இங்கே அமைதியாக இருக்கிறது" என்று சரியாக அந்த இடத்தில்தான் பிள்ளைகளை இறக்குவார். அந்த இழுப்பில் மாட்டியவர் கரையைப் பார்த்து நீந்தினால் சோர்ந்துபோவார். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே வரலாம். மூழ்குகிறவர் கத்துவார் என்று காத்திருக்காதே. வாய் தண்ணீர்மட்டத்தில் ஏறி இறங்கும், கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், சத்தமே வராது. ஒரு நிமிடம்கூட உனக்குக் கிடைக்காது.

கள்ளக்கடலை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் புயலடித்தால், காற்றே இல்லாத வெயில் நாளில் இங்கே கடல் ஏறும். 2024 மே 6 அன்று நம் மாவட்டத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். எல்லாரும் உன் வயதுப் பிள்ளைகள். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அறிவிப்பைத் தினமும் காலையில் பார்த்துப் பழகு.

மொழியில் நமக்கு லாபம் உண்டு. "கேறி வா" (ஏறி வா) என்றால் தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் புரியும், அந்தப் பக்கமும் புரியும். இந்தியில் பத்து வாக்கியம் படித்துக்கொள். கோவாவில் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இருக்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி நடத்துகிறது. முடிந்தால் அங்கே போய்ப் படி. நல்லா வருவாய்.

கேள்வி: பூவாறு பொழியில் (ஆறு கடலில் சேரும் இடத்தில்) மூழ்கிய எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைத் தூக்கியதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அது சரியான முறையா?

பதில்: இல்லை அம்மா. பையன் பிழைத்தது அதனால் இல்லை. சுற்றினாலும் வயிற்றை அமுக்கினாலும் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும். இன்னொருவர் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊத வேண்டும். பிறகு நெஞ்சு நடுவில் 30 அமுக்கு, இரண்டு ஊது, மறுபடி 30. அமுக்குவது நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, பெரியவர்களுக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. பிள்ளை கண்ணைத் திறந்து பேசினாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.